மாமரத்தை வெட்ட வேண்டாம்: நிழல் கொல்லைக்கு ஏற்ற பூச்செடிகள்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "வீட்டின் வடக்குப் பக்கத்தில் 40 அடி நீளமும் 12 அடி அகலமுமாகக் கொல்லை. கிழக்குக் கோடியில் என் மாமியார் வைத்த மாமரம். மேற்குக் கோடியில் கிணறு. தெற்கே எங்கள் வீடு. மாடி எடுத்த பிறகு வெயில் இன்னும் குறைந்துவிட்டது. ரோஜா, குண்டுமல்லி, செம்பருத்தி மூன்றையும் இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டேன். இலை வருகிறது, பூ வருவதில்லை. மரத்தை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. சுவாமிக்கும் தலைக்கும் கொஞ்சம் பூ கிடைத்தால் போதும். என்ன வைக்கலாம் ஐயா?"

மரத்தை எடுக்காதீர்கள் அம்மா. எடுத்தாலும் உங்கள் மாடி அங்கேயேதான் நிற்கும்; நிழலில் பாதி அதனுடையது. மாங்காயும் போய், நிழலும் போகாமல் நிற்பீர்கள்.

கும்பகோணத்தில் 30 ஆண்டுகள் ஒரு சிறிய நாற்றுப்பண்ணை வைத்திருந்தவன் நான். எங்கள் தொழிலின் குற்றம் ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாங்க வருகிறவர் பூத்து நிற்கும் ரோஜாவைத்தான் பார்ப்பார். "உங்கள் வீட்டில் வெயில் எத்தனை மணி நேரம் விழும்?" என்று கேட்டால் யோசிப்பார், யோசிக்கிறவர் வாங்காமல் போய்விடுவார். அதனால் யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு அந்த மூன்று செடிகளை விற்றவரும் கேட்டிருக்க மாட்டார். மூன்றும் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் குடிக்கிற செடிகள். குறைந்த வெளிச்சத்தில் செடி தன் பிழைப்புக்கு வேண்டிய இலையைத் தயாரித்துக்கொள்ளும். பூ என்பது பிழைப்புப் போக மிச்சம் இருந்தால்தான். உரம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இன்னும் கொஞ்சம் இலை வந்திருக்கும், அதுவும் வெளிறி, கணுவுக்குக் கணு நீண்டு, வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து.

ஆனால் எல்லாப் பூச்செடியும் வெயிலுக்குப் பிறந்ததல்ல. கனகாம்பரம், வெட்சி, மனோரஞ்சிதம் எல்லாம் பெரிய மரங்களின் கீழே பிறந்து வளர்ந்த குலம். அவற்றை மொட்டை வெயிலில் நட்டுவிட்டு, இலை கருகுகிறதே என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கொல்லை அவர்களுக்குக் கிடைக்காத கொல்லை.

செடிக்குப் போகுமுன் உங்கள் நிழலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வடக்குப் பக்கம் என்றால் வருடம் முழுக்க வெயில் படாது என்று வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் படித்தவர்கள் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊருக்குப் பொருந்தாது. ஸ்ரீரங்கம் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில் சூரியன் நடுப்பகலில் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடும்; அதற்குப் பிறகு ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கேதான் இருக்கும். அந்த நான்கு மாதமும் வடக்குச் சுவரின் அடிவரை வெயில் விழும்.

மாடியோடு சேர்த்து வீடு 22 அடி உயரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மார்கழி உச்சிவேளையில் அதன் நிழல் வடக்கே 15 அடி நீளும். உங்கள் கொல்லை 12 அடிதான். அப்போது முழுவதும் நிழல். பங்குனி முதல் வாரத்தில் அதே நிழல் நான்கடிக்குச் சுருங்கிவிடும். ஆனியில் நிழல் தெற்குப் பக்கத்துக்கே போய்விடும். ஆக, உங்களுக்கு இருப்பது ஒரே நிழல் அல்ல. சுவரை ஒட்டிய நான்கடி ஒரு வகை, வேலியோரம் வேறு வகை, மாமரத்தடி மூன்றாவது வகை. சுவரோர மண்ணில் மென்மையான நிழல் செடி எதையாவது வைத்தால் மார்கழியில் சிரித்துக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் கருகிப் போகும். கனகாம்பரமும் நந்தியாவட்டையும் இரண்டையும் தாங்கும். அதனால்தான் அவை பழைய வீடுகளின் கொல்லைகளில் நிலைத்து நின்றன.

எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். உச்சிவேளையில் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு தெரியக் கறுப்பாக விழுந்தால் அங்கே பெரும்பாலான செடிகள் பூக்கும். விளிம்பு கலைந்து, ஆனாலும் கை என்று தெரிந்தால் அது சல்லடை நிழல். நான் கீழே சொல்லப்போகும் செடிகளுக்கு உகந்த இடம். நிழலே விழவில்லை என்றால் அங்கே பூவை எதிர்பார்க்காதீர்கள். இலைச் செடி வையுங்கள், அல்லது துவைக்கிற கல்லைப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். இப்போது ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை.

இனிச் செடிகள். முதலில் கனகாம்பரம். உங்களிடம் ஒரே ஒரு செடி வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றாலும் இதைத்தான் சொல்வேன். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குத் தாய்வீடு. மாமரத்தின் இலை விரிப்பு முடிகிற விளிம்பில், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் சாய்வாக வந்து போகும் இடத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு செடியாக ஒரு வரிசை வையுங்கள். பத்துச் செடி இருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு சிறு சரத்துக்குப் பூ கிடைக்கும். பறித்த பூ வாடாமல் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும், மணம்தான் கிடையாது. அதனால் சில வீடுகளில் இதைச் சுவாமிக்கு வைப்பதில்லை. உங்கள் வீட்டு வழக்கம் எப்படியோ.

கனகாம்பரத்தில் இரண்டு சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு ஆரஞ்சும் மஞ்சளும் விதை பிடிக்கும். காய்ந்த காயில் ஒரு சொட்டு நீர் பட்டால் போதும், பட்டென்று வெடித்து விதை பல அடி தூரம் தெறிக்கும். சிறு வயதில் எச்சில் தொட்டு வெடிக்க விட்டு விளையாடாதவர்கள் காவிரிக்கரையில் குறைவு. முதல் மழைக்குப் பிறகு கொல்லையெங்கும் கன்று முளைப்பது இப்படித்தான். விதை வேண்டுமென்றால் கதிர் பழுப்பாகத் தொடங்கும்போதே, மழைக்கு முன், மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். இன்னொன்று டெல்லி கனகாம்பரம். பூ பெரிது, செம்பு கலந்த நிறம், சந்தையில் விலை போவது இதுதான். இது விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். "டெல்லி கனகாம்பரம் விதை" என்று யாராவது பொட்டலம் விற்றால் வாங்காதீர்கள்.

கதிரில் பூ கீழிருந்து மேலாக விரிந்துகொண்டே போகும். நுனிப் பூவும் உதிர்ந்த பிறகு அந்தக் கதிரைக் கிள்ளி எறியுங்கள். கிள்ளாமல் விட்டால் செடி தன் வலுவை விதைக்குக் கொடுத்துவிட்டுச் சோம்பி நிற்கும். பூ குறைகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு நான் சொன்ன மருந்து நகம்தான். மற்றொரு காரணம் வேரில் இருக்கும். இலை வெளிறி, தண்ணீர் இருந்தும் பகலில் துவண்டால் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கணுக்கணுவாக முடிச்சோ, கறுத்த புண்களோ இருந்தால் நூற்புழு, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்புழு. கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி அது. அந்த இடத்தில் மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள். புதுக் குழியில் இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து, ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து, பிறகு நடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வரிசையையே இடம் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து வெட்சி, அதாவது இட்லிப்பூ. அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிக்கொண்டு போன பூ. இன்று பிள்ளைகள் காம்பை உருவித் தேன் உறிஞ்சுகிற பூ. நாற்றுப்பண்ணையில் இரண்டு வகை வைத்திருப்பார்கள். வரப்போரம் வைக்கிற சின்ன இலைக் குட்டை வகைக்கு நல்ல வெயில் வேண்டும், உங்களுக்கு ஆகாது. பெரிய இலையோடு ஆள் உயரம் வளரும் நாட்டுச் சிவப்பு வெட்சியைக் கேட்டு வாங்குங்கள். வேலியோரத்தில் நான்கடிக்கு ஒன்று வைத்தால் மூன்றாவது ஆண்டில் வேலியே தெரியாது.

வெட்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சுண்ணாம்புச் சத்து ஆகாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் ஒரு காரணம். நீங்கள் மாடி எடுத்ததாகச் சொல்கிறீர்களே, அது இன்னொரு காரணம் ஆகலாம். கட்டட வேலை முடிந்ததும் சிமென்ட் காரை, உடைந்த செங்கல் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். சுவரிலிருந்து நான்கடிக்குள் எங்கே குழி எடுத்தாலும் முதலில் அந்தக் குப்பையை வாரி வெளியே போடுங்கள். வெட்சியைச் சுவரோரம் வைக்கவே வேண்டாம். நானே இதில் அடிபட்டிருக்கிறேன். நிழல் பாத்திக்கு வெளிச்சம் கூடட்டும் என்று எதிர்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். யோசனை நல்ல யோசனைதான். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், கனகாம்பரம் அந்த ஆண்டு கூடுதலாகப் பூத்தது. ஆனால் மழையில் சுண்ணாம்பு வழிந்து வழிந்து, அடியில் நின்ற ஆறு வெட்சியும் மஞ்சளாகிவிட்டன. நீங்கள் உங்கள் வடக்குச் சுவருக்கு வெள்ளை அடிப்பதானால் மழைக்குக் கரையாத பெயின்டாக அடியுங்கள்.

இப்படி இலை மஞ்சளாவதற்கு மருந்து அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் விட்டு மறுபடி ஒரு முறை. கனகாம்பரம் இப்படி மஞ்சளானாலும் இதே மருந்துதான். கல்தரையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவாமிக்கு என்றால் நந்தியாவட்டை. ஒற்றையும் உண்டு, அடுக்கும் உண்டு. நிழலுக்கு இரண்டுமே ஒத்துவரும். ஆண்டு முழுவதும் தினம் நான்கு பூவாவது தருகிற செடி இதைப்போல் இன்னொன்று எனக்குத் தெரியாது. கிணற்றடியில் ஒன்று, நடுவில் ஒன்று வையுங்கள். நிழலில் இது உயரமாகப் போய் உச்சியில் மட்டும் பூக்கும். ஆண்டுக்கு ஒரு முறை இடுப்புயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டினால் பால் வரும், கண்ணில் படக்கூடாது. ஒரு நாள் காலையில் கிளையே மொட்டையாக இருக்கும். விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண்போல இரண்டு புள்ளி. பார்க்கப் பயமாக இருக்குமே தவிர ஒன்றும் செய்யாது. மருந்து அடிக்காதீர்கள், குச்சியால் எடுத்துத் தூரப் போட்டுவிடுங்கள். அந்தி நேரத்தில் குருவி போலச் சிறகடித்துப் பூவில் தேன் குடிக்க வரும் பெரிய அந்துப்பூச்சியின் பிள்ளை அது.

பவழமல்லியைக் கொல்லையின் நடுவில் வைக்காமல் வடமேற்கு மூலையில், கிணற்றுக்கு அப்பால் வையுங்கள். இது செடியாகத் தொடங்கிச் சிறு மரமாகிவிடும். முழு நிழலில் பூக்காது. அரை நிழல் போதும். ஆடி ஆவணியில் தொடங்கி மார்கழி வரை, அந்தியில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூவையும் பூசைக்கு எடுக்கலாம் என்று விதிவிலக்கு பெற்ற பூ இது. ஆகவே அடியில் ஒரு சாணம் மெழுகிய இடமோ பழைய வேட்டியோ இருந்தால் வேலை சுலபம். கோடையில் இலை கொட்டி நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்தே இரண்டு வீட்டில் பிடுங்கியிருக்கிறார்கள்.

மார்கழியில் உங்கள் கொல்லை முழுக்க நிழலாக இருக்கும் என்றேன் அல்லவா? அந்த மாதத்துக்கென்றே ஒரு செடி இருக்கிறது: டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது என்று பல நிறம். ஆண்டு முழுக்கச் சும்மா நின்றுவிட்டுக் கார்த்திகை, மார்கழி, தையில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். சுவரோரம் காரையை வாரிப் போட்ட பிறகு இதை ஒரு வரிசை வையுங்கள். தை முடிந்ததும் ஓர் அடி உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். ஆவணிக்குப் பிறகு கத்தரிக்கோலைக் கிட்டே கொண்டு போகக் கூடாது; மொட்டு வரப்போகிற நுனியை வெட்டிவிட்டு மார்கழியில் பூவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

மனோரஞ்சிதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கிணற்றடியை நினைத்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பாதி செடி, பாதி கொடி. மர நிழலில் ஏறிப் படர்ந்து பழகியது. பூ இலைப் பச்சையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழுத்து மஞ்சளாகும்போது மணம் வரும். மூக்கை வைத்துத்தான் தேட வேண்டும். பழக்கூடையைத் திறந்தது போன்ற மணம். கிளையில் கொக்கி போல வளைந்து கெட்டியாக ஒன்று இருக்கும். முள் என்று நினைத்து அதை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. பூ வருவதே அந்தக் கொக்கியில்தான். பூக்கச் சில ஆண்டு பிடிக்கும், பொறுமை வேண்டும். மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மணத்துக்கு எந்தப் பாம்பும் வருவதில்லை. அடர்ந்த புதருக்குள் எலியும் தவளையும் இருந்தால் வரும். அடிப்பகுதியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கிளை இல்லாமல் கழித்து, சருகை வாரிவிட்டால் போதும்.

உங்கள் செம்பருத்தி ஆசைக்கு ஒரு மாற்று இருக்கிறது. மிளகாய்ச் செம்பருத்தி என்பார்கள். பூ விரியாமலே, சிவப்பு மிளகாய்போல மூடியபடியே தொங்கும். சாதாரணச் செம்பருத்தி இலையோடு நின்றுவிடும் நிழலில் இது பூக்கும். குச்சியை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். தேன்சிட்டு தவறாமல் வரும். மாமரத்துக்கும் சுவருக்கும் இடையே இருட்டான, ஈரமான மூலை ஒன்று இருக்குமே, அங்கே கிருஷ்ண கிரீடம் வையுங்கள். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக்கு வீடு உண்டு. ஓணத்துப் பூக்கோலத்தில் இடம் பெறுகிற பூ. அகன்ற இலைக்கு மேலே அடுக்கடுக்காகக் கோபுரம் போலச் செம்மஞ்சள் பூ. பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இதைத் தேடி வரும். வேரிலிருந்து கன்று வெடித்துப் பரவும், வேண்டாததைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நாளில் ஊதாவிலிருந்து வெள்ளைக்கு நிறம் மாறுகிற "நேற்று இன்று நாளை" செடியும் அரை நிழலில் நன்றாக வரும். வீட்டில் நாய் இருந்தால் வேண்டாம், அதற்கு அந்தச் செடி நஞ்சு. செங்கொடிவேலியும் நிழலுக்கு ஏற்றதுதான். ஆனால் அதன் வேர் தோலைக் கொப்புளிக்க வைக்கும், உள்ளே போனால் ஆபத்து. குழந்தைகள் விளையாடும் கொல்லைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் நிழலில் நீலப் பந்து பந்தாகப் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து மயங்காதவர் இல்லை. நானும் மயங்கி நான்கு தொட்டி கொண்டுவந்தேன். அந்த நீலம் மலையின் புளிப்பு மண் கொடுப்பது. இங்கே தண்ணீரும் மண்ணும் ஒத்துவராது. அதைவிட, நம் கோடை இரவின் புழுக்கத்தை அது தாங்காது. பங்குனியைத் தாண்டவில்லை. அசேலியாவும் காமெலியாவும் அப்படியே. மலையில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நிழல் தோட்டத்தில் செடி செத்தால் எல்லோரும் வெளிச்சத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கொன்றது தண்ணீர். கட்டட நிழலில் மண் காயவே காயாது. வெயில் தோட்டத்துக்குப் பழகிய கை தினம் ஒரு குடம் ஊற்றும்; வேர் அழுகிவிடும். இலை துவளும். தாகம் என்று நினைத்து இன்னொரு குடம் ஊற்றுவோம். மாமரத்தடியிலோ இதற்கு நேர் எதிர்: மேலே விழுகிற தூறலை இலை விரிப்பே தடுத்துவிடும், கீழே இறங்குகிற நீரை மரத்தின் வேர் குடித்துவிடும். ஒரே கொல்லையில் ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் வறட்சி. அதனால் மணி பார்த்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். சுவரோரம் வாரம் இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம். மரத்தடியில் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேவைப்படலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரோரம் நீர் நிற்கும். பாத்தியைத் தரையைவிட அரை அடி உயர்த்தி, கிணற்றுப் பக்கம் சாய்வாக ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள்.

உயர்த்துகிற வேலையை மாமரத்தடியில் செய்யக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி மண்ணை ஏற்றினால் பட்டை அழுகும். மரத்தடியைக் கொத்திப் பாத்தி போடவும் கூடாது. பெரிய வேர்களுக்கு நடுவில் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, இடம் கிடைத்த இடத்தில் மட்டும் ஓர் அடிக் குழி எடுங்கள். விரல் பருமன் வேர் ஒன்றிரண்டு அறுந்தால் மரம் பொருட்படுத்தாது. அதைவிடத் தடித்த வேர் வந்தால் குழியை மூடிவிட்டு வேறு இடம் பாருங்கள். தொழு உரம், செம்மண், மணல் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பி நடலாம். இடமே கிடைக்கவில்லையென்றால் தொட்டி; ஆனால் மாதம் ஒரு முறை தொட்டியைத் தூக்கி நகர்த்தி வையுங்கள். அடித்துளை வழியாக மாமர வேர் ஏறி வந்துவிடும். ஆறு மாதம் விட்டுவிட்டு, தொட்டி முழுக்க மாவேராக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காய் பறித்து முடித்த பிறகு, ஆடி ஆவணியில், ஆளை வைத்து மரத்தின் கீழ்க் கிளைகளைப் பத்தடி உயரம் வரை கழித்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கிளைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மரத்துக்கும் காற்றோட்டம், கீழே சல்லடை வெளிச்சம். மரத்தை வெட்டச் சொன்னவர்களுக்கு இது போதிய பதில்.

மாமரத்தடிச் செடிக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தை மாசியில் மா பூக்கும்போது தத்துப்பூச்சி வரும். அதன் கழிவு பிசுபிசுவென்று கீழே சொட்டும். அதன் மேல் கரி பூசியது போலக் கறுப்புப் பூசணம் படரும். கனகாம்பர இலையெல்லாம் கறுத்துவிட்டதே என்று பதறுவீர்கள். பூசணம் செடியைத் தின்பதில்லை, வெளிச்சத்தைத்தான் மறைக்கிறது. ஏற்கெனவே குறைந்த வெளிச்சத்தில் நிற்கும் செடிக்கு அதுவே பெரிய இழப்பு. குழாயை வைத்து வேகமாக இலையைக் கழுவுங்கள். போகவில்லையென்றால் மைதாவைக் காய்ச்சி, நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, வெயில் உள்ள நாளில் தெளியுங்கள். காய்ந்து அப்பளம்போல உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும். மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்புச் சாரியைப் பாருங்கள். சுமந்து வருவது எறும்புதான். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில்.

மாவிலைச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். மட்க நேரம் பிடிக்கும். ஒரு மூலையில் குவித்துச் சாணக் கரைசல் தெளித்து வைத்தால் ஓர் ஆண்டில் கறுப்பு மண்ணாகும். அதை இரண்டு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் மரத்தடி வறட்சி பாதி தீரும். தண்டைத் தொடாமல் போடுங்கள். மழைக்காலத்தில் மூடாக்குக்குள் பெரிய நத்தைகள் சேரும். இரவில் ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் பப்பாளி இலையைப் போட்டு வையுங்கள். விடிகாலையில் சாக்கோடு அள்ளலாம். வெறும் கையால் தொடாதீர்கள். உரத்தைப் பொறுத்தவரை, வெயில் தோட்டத்துக்குப் போடுவதில் பாதி. ஆண்டுக்கு இரண்டு முறை செடிக்கு இரண்டு கை தொழு உரம், ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. யூரியா வேண்டவே வேண்டாம்.

நடுவதற்கு நான் ஆடியைத்தான் சொல்வேன். ஐப்பசி மழையில் நடுவது ஊர் வழக்கம். நிழல் கொல்லையில் அது வேரை ஊற வைத்துவிடும். ஆடியில் நட்டால் வடக்கே நிற்கும் சூரியன் இன்னும் ஒரு மாதம் உங்கள் கொல்லையில் விழும். செடி வேர் பிடித்துக்கொண்ட பிறகு மழை வரும்.

கடைசியாக அந்த ரோஜாவும் குண்டுமல்லியும். அவற்றை எறிய வேண்டாம். நிழலைக் கொடுத்த அதே மாடிதான் உங்களுக்கு மொட்டை வெயிலையும் கொடுத்திருக்கிறது. மல்லிகையை முதலில் முக்கால் அடி உயரத்துக்கு வெட்டி, வேர் மண்ணோடு பெயர்த்து, பெரிய தொட்டியில் வையுங்கள். நேராக மாடிக்குக் கொண்டு போகாமல் பத்து நாள் வாசல் திண்ணையோரம் காலை வெயிலில் வைத்திருந்து, பிறகு ஏற்றுங்கள். ரோஜாவுக்கும் அதே முறை. மாசியில் செய்தால், சித்திரைக்குள் மல்லிகை மொட்டு வைக்கும். மாடித் தொட்டிக்கு மட்டும் தினம் தண்ணீர் வேண்டும்; அங்கே விரலை விட்டுப் பார்க்கத் தேவையில்லை.